சாயம் உடைக்கும் ஒலி

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. அந்த ஆற்றின் வெள்ளத்தை மறித்து, இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் கொடுப்பதற்காக 1990களின் தொடக்கத்தில் அணையைக் கட்டினார்கள். அதே ஆண்டுகளில்தான் ஆற்றின் மேல்பகுதியில் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி கிடுகிடுவென வளர்ந்தது. அணைக்கு வெள்ளம் வராத மாதங்களிலும் சாயநீர் தவறாமல் வந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. தென்னைகள் காய்ப்புக் குறைந்தன. கடைசியில், தங்களுக்காகக் கட்டிய அணையின் மதகை மூடாதீர்கள், தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே மன்றாட வேண்டியதாயிற்று.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். சாயப்பட்டறைகள் சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நிபந்தனை நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்தே மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த நிட்டிங், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் தள்ளாடின. தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்த முடியும் என்று செய்து காட்டிய நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்ற சொல் டீக்கடைவரை பழகியது அந்த நாட்களில்தான்.

சாயநீரைச் சுத்தம் செய்ய உலகெங்கும் ஆய்வகங்கள் வேறொரு வழியையும் சோதித்துவருகின்றன. மனிதக் காது கேட்க முடியாத ஒலியையும் (மீயொலி) மின்சாரத்தையும் ஒன்றாகச் செலுத்திச் சாய மூலக்கூறுகளை நீருக்குள்ளேயே உடைப்பது. ஆய்வுக் கட்டுரைகளில் இதன் முடிவுகள் பிரமிக்கவைக்கின்றன: கருநீலமாக உள்ளே போகும் திரவம் சில நிமிடங்களில் தெளிந்துவிடுகிறது. ஆனால் குடுவையில் தெளிவது வேறு, ஒரு நகரத்தின் சாயநீரைக் கையாள்வது வேறு. இந்த நுட்பம் எங்கே உண்மையில் உதவும், எங்கே வீண் செலவு என்பதைப் பிரித்தறியாமல் இதைக் கொண்டாடுவதிலும் பயனில்லை, ஒதுக்குவதிலும் பயனில்லை.

துணியில் ஏறாத சாயம்

1856-ல், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்த 18 வயது வில்லியம் பெர்கினின் குடுவையில் ஊதா நிறம் ஒன்று கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கே தொடங்கியது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1956-ல், பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் பருத்திக்கான ‘ரியாக்டிவ்’ சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பல சாயங்கள் நூலிழையில் வெறுமனே ஒட்டிக்கொண்டன. ரியாக்டிவ் சாயமோ பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் டிஷர்ட் வெளுக்காமல் இருப்பதற்கும், திருப்பூர் பின்னலாடை உலகம் சுற்றுவதற்கும் இந்தச் சாயம் முக்கியமான காரணம்.

சிக்கலும் அதே இடத்தில்தான். சாயக் குளியலில் இருக்கும் சாயம் முழுவதும் துணியோடு பிணைவதில்லை. ஒரு பங்கு நீரோடு வினைபுரிந்து செயலிழந்துவிடுகிறது. சாயத்தின் வகையையும் நிறத்தின் அடர்த்தியையும் பொறுத்து நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பங்குவரை இப்படிக் கழிவில் போகும். அது இனி எந்தத் துணியிலும் ஏறாது, ஆனால் நிறம் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெயிலுக்கும் சோப்புக்கும் வியர்வைக்கும் தாங்க வேண்டும் என்றே வடிவமைத்த மூலக்கூறு அது. கழிவுநீர்த் தொட்டியில் வளர்க்கும் பாக்டீரியாவுக்கு அது எளிதில் மசியாது.

நிறத்தைவிடக் கனமான இன்னொரு சுமை உண்டு: உப்பு. சாயத்தைத் துணியை நோக்கித் தள்ள, குளியலில் சாதா உப்போ கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்ஃபேட்டோ கொட்ட வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூட ஆகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் குளியல், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கணக்குப் போட்டால், ஒரு கிலோ பனியன் துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. அதில் துணியோடு போவது ஏதுமில்லை, அத்தனையும் கழிவில்தான். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நிலங்களைக் கெடுத்தது பெரும்பாலும் இந்த உப்புதான். நிறம் எல்லோர் கண்ணையும் உறுத்தியது, மண்ணை மலடாக்கியதோ கண்ணுக்குத் தெரியாத உப்பு. சாயநீர்ச் சுத்திகரிப்பு பற்றிய எந்தப் புதுக் கண்டுபிடிப்பையும் எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘உப்பை என்ன செய்கிறீர்கள்?’ என்பதைத்தான்.

குமிழிக்குள் ஒரு சூரியன்

மீயொலியின் கதை போர்க்கப்பலின் சுழல்விசிறியிலிருந்து தொடங்குகிறது. வேகமாகச் சுழலும் விசிறிகளின் உலோகம் அரித்துப் போவது பிரிட்டிஷ் கடற்படைக்குப் புதிராக இருந்தது. நீரில் தோன்றும் வெற்றுக் குமிழிகள் சுருங்கி நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று 1917-ல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். பத்து ஆண்டு கழித்து, வால் ஸ்ட்ரீட் வங்கியாளரும் அறிவியல் பித்தருமான ஆல்ஃபிரட் லூமிஸ், நியூயார்க் அருகே டக்சிடோ பார்க்கில் தம் சொந்தச் செலவில் நடத்திய ஆய்வகத்தில், வில்லியம் ரிச்சர்ட்ஸுடன் சேர்ந்து உயர் அதிர்வெண் ஒலி வேதிவினைகளையே தூண்டுவதைப் பதிவுசெய்தார். ஒலி வேதியியல் என்ற துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நடப்பது இதுதான். விநாடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் ஒலி நீரை மாறி மாறி அழுத்துகிறது, இழுக்கிறது. இழுக்கும் நொடியில் நுண்குமிழிகள் பிறக்கின்றன, பல சுற்றுகளில் வளர்கின்றன, ஓர் எல்லையில் திடீரென உள்நோக்கிச் சிதைகின்றன. அந்தக் கணத்தில் குமிழிக்குள் வெப்பநிலை சுமார் 5,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பு வெப்பத்துக்கு அருகில். அழுத்தமோ பல நூறு வளிமண்டலங்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக் குழுவினர் பல ஆண்டுகள் செய்த அளவீடுகள் இந்த எண்களை நிலைநாட்டின. வியப்பு என்னவென்றால், சுற்றியிருக்கும் நீர் அறை வெப்பத்திலேயே இருக்கும். குமிழி அவ்வளவு சிறியது, அதன் ஆயுள் அவ்வளவு குறைவு.

அந்தச் சூட்டில் குமிழிக்குள் இருக்கும் நீராவி பிளக்கிறது, ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பிறக்கின்றன. ஓசோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் மிஞ்சும் ஆக்சிஜனேற்றத் திறன் இவற்றுக்கு உண்டு. ஜவுளியில் பெரும்பான்மையாக இருக்கும் அசோ சாயங்களின் நிறத்துக்குக் காரணம், இரு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் இரட்டைப் பிணைப்பு. ஹைட்ராக்சில் அந்தப் பிணைப்பைத் தாக்கினால் நிறம் போய்விடும். வெளியிலிருந்து எந்த ரசாயனமும் ஊற்றாமல், நீரிலிருந்தே ஆயுதம் செய்துகொள்ளும் முறை என்பதுதான் ஆய்வாளர்களை இதன்பால் இழுத்தது.

இந்தத் துறையில் தமிழர்களின் பங்கு கணிசமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முத்துப்பாண்டியன் அசோக்குமார், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஒலி வேதியியலை வளர்த்தவர்களில் ஒருவர். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் சம்பந்தம் ஆனந்தனும் அவரும் சேர்ந்து, ஒலியோடு ஒளியையும் வினையூக்கியையும் இணைத்து அசோ சாயங்களைச் சிதைப்பது பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒலி மட்டும் தனியாக வேலை செய்தால் மெதுவாகத்தான் நகரும். ஜவுளிச் சாயங்கள் நீரில் நன்றாகக் கரைய வேண்டும் என்பதற்காக அவற்றில் சல்ஃபோனேட் தொகுதிகளைச் சேர்த்திருப்பார்கள். அதனால் அவை நீரை விட்டு நீங்கிக் குமிழிக்குள் ஆவியாகப் புகுவதில்லை. வெடிப்பு உள்ளே நடக்கிறது, சாயம் வெளியே நிற்கிறது. குமிழியின் விளிம்பைத் தாண்டித் தப்பிவரும் சில ஹைட்ராக்சில்கள் மட்டுமே சாயத்தைத் தொட முடியும். அவையும் கண நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெராக்சைடாகிவிடும். அதிர்வெண்ணிலும் இழுபறி உண்டு. 20 கிலோஹெர்ட்ஸில் குமிழிகள் பெரியவை, ஆரம் சுமார் 0.15 மில்லிமீட்டர், முரட்டுத்தனமான தாக்குதல். 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸில் குமிழிகள் பொடியானவை, இயந்திர விசை குறைவு, ஹைட்ராக்சில் விளைச்சல் அதிகம்.

காரைக்குடியின் தகடு

மின்சாரத்தின் பக்கம் வந்தால் பேச்சு காரைக்குடிக்கு வந்துவிடும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் அங்கே இயங்குகிறது. குளோரின், காஸ்டிக் சோடா ஆலைகளுக்காக டைட்டானியம் தகட்டின் மேல் உலோக ஆக்சைடு பூசிய, கரையாத நேர்மின்முனையை உள்நாட்டிலேயே உருவாக்கியது அந்நிலையத்தின் பெருமைகளில் ஒன்று. சாயக்கழிவை மின்னால் ஆக்சிஜனேற்றம் செய்வதிலும் இதே வகைத் தகடுகள்தாம் உழைக்கின்றன. காரைக்குடி ஆய்வாளர்களும் அண்ணா பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, ஜவுளிக் கழிவுநீரை இம்முறையில் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது பற்றி 2007-லேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் சாயநீரின் சாபம் வரமாகிறது. மின்சாரம் நீருக்குள் பாய உப்பு வேண்டும், சாயநீரில் அது ஏற்கெனவே கொட்டிக்கிடக்கிறது. சாதா உப்பு கரைந்த நீரில் மின்சாரம் செலுத்தினால் நேர்மின்முனையில் குளோரின் உண்டாகி, நீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரைட்டாக மாறும். சலவைப் பட்டறைக்காரர்கள் கேனில் வாங்கும் அதே வெளுப்பான். அது தொட்டிக்குள்ளேயே உற்பத்தியாகிச் சாயத்தை வெளுக்கிறது. வெளியிலிருந்து ரசாயனம் ஏற்றிவர வேண்டாம், கூடுதல் உப்பும் சேராது.

குளியலில் கிளாபர் உப்பு இருந்தால் நிலைமை வேறு. சல்ஃபேட்டிலிருந்து குளோரின் வராது. அப்போது போரான் கலந்த வைரப் படலம் பூசிய மின்முனை போன்றவை தேவைப்படும். அவை நீரிலிருந்தே ஹைட்ராக்சிலையும், சல்ஃபேட்டிலிருந்து பெர்சல்ஃபேட்டையும் உண்டாக்கும். வேலை சுத்தமாக நடக்கும், தகட்டின் விலைதான் எட்டாது. திருப்பூரின் நிலையங்கள் உப்பை மீட்க வசதியாக இருப்பதால் கிளாபர் உப்பை விரும்புகின்றன என்பதால், இந்த வேறுபாடு இங்கே ஏட்டுச் சுரைக்காய் விஷயமில்லை. சாதா உப்பில் சோதித்த முடிவை அப்படியே கிளாபர் உப்புக்குப் பொருத்த முடியாது.

இன்னொரு மின் முறையும் புழக்கத்தில் உண்டு. இரும்பு அல்லது அலுமினியத் தகடுகளைக் கரையவிட்டு, அவற்றின் ஹைட்ராக்சைடில் சாயத்தைத் திரளச் செய்து படியவைப்பது. செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் சாயம் உடைவதில்லை, தண்ணீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. ஏற்கெனவே சேற்று மூட்டைகளை வைக்க இடமில்லாமல் திணறும் ஊருக்கு அது பாதித் தீர்வுதான்.

இரண்டும் சேரும்போது

மின்முனைகளுக்கு இரண்டு பலவீனங்கள். சாய மூலக்கூறு நீரில் மிதந்து மிதந்து தகட்டை வந்தடைய வேண்டும். சாயம் நீர்த்துப்போகப் போக இந்தப் பயணமே தடையாகிவிடும், மின்சாரம் வீணாக ஆக்சிஜன் குமிழிகளை விட்டுக்கொண்டிருக்கும். அடுத்து, உடைந்த சாயத் துண்டுகள் சில சமயம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தகட்டின் மேல் படலமாகப் படியும். பிசுக்கேறிய தோசைக்கல்லைப் போல, அடுப்பு எரிந்தாலும் வேலை நடக்காது.

இரண்டுக்கும் ஒலி மருந்து. தகட்டின் அருகே ஒரு குமிழி சிதையும்போது, தகடு இருக்கும் பக்கம் நீர் உள்ளே வர முடியாததால் மறுபக்கத்து நீர் ஊசிபோலப் பாய்ந்து தகட்டில் மோதுகிறது. வேகம் விநாடிக்கு 100 மீட்டர் அளவுக்குப் போகும். இந்த நுண்தாரைகள் படலத்தைச் சுரண்டி எறிகின்றன, தகட்டில் ஒட்டியிருக்கும் வாயுக் குமிழிகளை உதறுகின்றன, புதுச் சாயநீரைத் தகட்டுக்குக் கொண்டுவருகின்றன. ஒலியைச் செலுத்தினால் நீரை மின்பகுக்கத் தேவைப்படும் மின்னழுத்தம் குறைவதை ஜப்பானின் மொரிகுச்சி 1934-லேயே கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பைக் கழிவுநீரோடு பொருத்திப் பார்க்க வெகுகாலம் பிடித்தது.

பொருத்திப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் லோரிமர், திமோத்தி மேசன் ஆகியோரின் குழுவினர். இடைக்காலத்தில் மங்காத நீலத் துணிக்குப் பேர்போன நகரம் கோவென்ட்ரி. உப்பு கலந்த அமிலச் சாயக் கரைசலில் மின்சாரத்தோடு மீயொலியையும் செலுத்தினால் நிறம் விரைவாகப் போவதை அவர்கள் 2000-ல் வெளியிட்டார்கள். அதன் பிறகு துருக்கி, ஈரான், சீனா, இந்தியா, பிரேசில் என்று ஜவுளி இருக்கும் நாடுகளிலெல்லாம் இந்த ஆய்வு பரவியது. இரும்பு அயனியும் பெராக்சைடும் சேர்ந்து ஹைட்ராக்சிலைத் தரும் ஃபென்டன் வினையை மின்முனையிலேயே நடத்தி, அதோடு ஒலியைச் சேர்ப்பது இதன் இன்னொரு கிளை.

தெளிந்தால் போதுமா?

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1895-ல் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி வருவதைச் சுட்டிக்காட்டினார். சாயத் தயாரிப்பில் புழங்கும் அரோமாட்டிக் அமைன்களின் மேல் சந்தேகம் விழத் தொடங்கியது அப்போதுதான். பென்சிடின் போன்ற சில அமைன்கள் புற்றுநோய்க் காரணிகள் என்பது பிற்பாடு உறுதியானது. அசோ பிணைப்பு சில சூழல்களில், குறிப்பாக ஆக்சிஜன் இல்லாத இடத்தில், பிளந்தால் கிடைப்பவை இந்த அமைன்கள். அவற்றுக்கு நிறம் கிடையாது. இத்தகைய அமைன்களைத் தரக்கூடிய சாயங்களை ஜெர்மனியும் இந்தியாவும் 1990களில் தடைசெய்தன. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ‘அசோ-ஃப்ரீ’ சான்றிதழுக்கு அலைந்த காலம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே நிறம் போனதை வைத்து நஞ்சு போனதாக முடிவுகட்டக் கூடாது. இந்தத் துறையின் ஆய்வுகள் பலவற்றில் இருக்கும் பெரிய பலவீனமே இதுதான். நிறம் 95 விழுக்காடு குறைந்ததாக முதல் வரியில் இருக்கும், கரைந்திருக்கும் மொத்தக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்பது அதைவிட மிகக் குறைவாக உள்ளே எங்கோ இருக்கும். அதாவது சாயம் கரியமில வாயுவாகவும் நீராகவும் முழுக்க எரிந்துவிடவில்லை, நிறமற்ற துண்டுகளாக நிற்கிறது. குளோரின் வழியில் போனால் இன்னொரு கவலை: துண்டுகளோடு குளோரின் சேர்ந்து கரிம குளோரின் சேர்மங்கள் உருவாகலாம், மின்சாரத்தை அளவுக்கு மீறிச் செலுத்தினால் குளோரேட்டும் சேரும். சுத்திகரித்த நீரில் விதை முளைக்கிறதா, நீர்ப்பூச்சி பிழைக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஆய்வுகளே நம்பத் தகுந்தவை. ஆற்றங்கரை விவசாயிக்கு நிறமானியின் எண்ணைவிட முளைத்த பயறு முக்கியம்.

மின்கட்டணம் சொல்லும் கதை

அடுத்த கேள்வி யூனிட் கணக்கு. ஒரு கனமீட்டர், அதாவது 1,000 லிட்டர் நீரில் ஒரு மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் வேண்டும் என்ற அளவுகோலை வைத்து இத்தகைய முறைகளை ஒப்பிடுகிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டேவிட் மிக்லோஸும் சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு மூன்று படிகளாகப் பிரித்தது. ஓசோன் போன்றவை ஒரு யூனிட்டுக்கும் கீழே. மின்வேதி முறைகள் ஒன்றிலிருந்து நூறு யூனிட்டுக்குள். மீயொலி நூறு யூனிட்டுக்கும் மேலே. கடல்நீரைக் குடிநீராக்கவே கனமீட்டருக்கு மூன்று, நான்கு யூனிட்தான் ஆகிறது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். 2011-க்கு முன் திருப்பூரில் நாளொன்றுக்கு உருவானதாகச் சொல்லப்படும் ஏறத்தாழ 9 கோடி லிட்டர் கழிவு முழுவதையும் மீயொலித் தொட்டியில் விடுவது நடக்கிற காரியமில்லை.

மீயொலியை ஆற்றைக் காக்கும் மந்திரக்கோலாகக் காட்டும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அவை விவசாயிக்கும் நியாயம் செய்யவில்லை, ஆய்வாளருக்கும் நியாயம் செய்யவில்லை. நம்பிக்கையைத் தவறான இடத்தில் வைத்தால், அது பொய்த்த பிறகு சரியான இடத்திலும் யாரும் முதலீடு செய்யமாட்டார்கள்.

செலவைக் குறைக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. குமிழியை ஒலியால்தான் உண்டாக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குழாயில் நீரைக் குறுகிய துளை வழியே பம்ப் செய்தால், அங்கே அழுத்தம் சரிந்து குமிழிகள் பிறக்கும், தாண்டியதும் சிதையும். மும்பை ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அனிருத்த பண்டிட், பராக் கோகடே ஆகியோரும், புனே தேசிய ரசாயன ஆய்வகத்தில் விவேக் ரானடேயும் இந்த வழியைப் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்தார்கள். ஒலி அதிர்வியின் முனை அரித்துப் போவது, பெரிய தொட்டியில் ஒலி சமமாகப் பரவாதது போன்ற தலைவலிகள் இதில் குறைவு. பம்ப், வால்வு, துளைத்தகடு என்று எந்த மெக்கானிக்குக்கும் பழகிய சாமான்கள்.

புதிய இயற்பியல் நுட்பம் எதுவும் ஆலை அளவுக்கு வளராது என்று சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. தென் கொரியாவின் டேகு சாயத் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரான் கற்றையால் சாயநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2005-ல் இயங்கத் தொடங்கியது. நாளுக்கு ஒரு கோடி லிட்டர் கையாளும் திறன். அங்கேயும் கற்றை தனியாக எல்லாவற்றையும் செய்யவில்லை, உயிரியல் சுத்திகரிப்புக்கு முன்னால் நின்று பாக்டீரியாவின் வேலையை எளிதாக்கியது. சரியான இடத்தில் நிறுத்தியதுதான் வெற்றி.

எந்தத் தொட்டியில்?

திருப்பூரில் அந்த இடம் எது? இன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பாதையைத் தொடர்ந்து போனால் தெரியும். கழிவுநீர் முதலில் பாக்டீரியாத் தொட்டிக்குப் போகிறது. பிறகு எஞ்சிய நிறத்தை நீக்கி, வடிகட்டி, ஆர்ஓ சவ்வுகளுக்குள் தள்ளுகிறார்கள். நீரின் பெரும்பங்கு நல்ல தண்ணீராகப் பட்டறைக்குத் திரும்புகிறது. சவ்வு ஒதுக்கித் தள்ளும் மிச்சம்தான் ‘ரிஜெக்ட்’. அளவில் கொஞ்சம், உப்பும் நிறமும் அடர்ந்தது. அதை ஆவியாக்கிக்கு அனுப்பிக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்க வேண்டும். சுத்திகரிப்புச் செலவில் பெரும்பகுதியை விழுங்குவது இந்தக் கடைசிக் கட்டம்தான்.

இயற்பியல் இங்கே கறாரானது. 1,000 லிட்டர் நீரை ஆவியாக்க சுமார் 627 யூனிட்டுக்கு நிகரான வெப்பம் வேண்டும். ஒரு கட்டத்தின் ஆவியை அடுத்த கட்டத்தின் அடுப்பாக்கி நான்கு கட்டங்களாகச் செய்தாலும், ஏறக்குறைய அதில் நான்கில் ஒரு பங்கு செலவாகும். அந்த வெப்பத்துக்கு விறகோ கரியோ எரித்தாக வேண்டும்.

மின் ஆக்சிஜனேற்றத்தின் கணக்கையும் ஃபாரடே விதியிலிருந்து போட்டுவிடலாம். கரிம மாசின் அளவுகோலான சிஓடி-யில் ஒரு கிலோவை நீக்க, மின்சாரம் ஒரு துளியும் வீணாகாவிட்டால் சுமார் 3,350 ஆம்பியர்-மணி வேண்டும். கலத்தின் மின்னழுத்தம் 5 வோல்ட் என்றால் ஏறத்தாழ 17 யூனிட். பாதி வீணாகிறது என்றே வைத்தாலும் 34 யூனிட். லிட்டருக்கு ஒரு கிராம் சிஓடி உள்ள ரிஜெக்ட் நீர் 1,000 லிட்டருக்கு இவ்வளவுதான். உப்பு அடர்ந்திருப்பதால் மின்தடை குறைவு, சாயம் அடர்ந்திருப்பதால் மின்சாரம் வீணாவதும் குறைவு. ஆற்றில் ஓடும் நீர்த்த கழிவில் கட்டுப்படியாகாத முறை, இந்தக் கொஞ்ச நீரில் கட்டுப்படியாகத் தொடங்குகிறது. மீயொலியையும் நாள் முழுவதும் ஓட்டத் தேவையில்லை. தகட்டைத் துலக்க இடைவெளி விட்டுச் சில நிமிடங்கள் செலுத்தினாலே அதன் முதன்மையான பயன் கிடைத்துவிடும். நூறு யூனிட்டுக்கு மேல் என்ற அந்தப் பயமுறுத்தும் எண் பெருமளவு இறங்குவது இப்படித்தான்.

இதன் பலன் மின்கட்டணத்தோடு முடிவதில்லை. ரிஜெக்டிலிருந்து நிறமும் கரிம மாசும் போய்விட்டால் மிஞ்சுவது உப்புநீர். சாயப் பட்டறைக்குத் தேவையானதும் உப்புநீர்தான். அதைக் கொதிக்கவைக்காமலே நேராக அடுத்த சாயக் குளியலுக்குத் திருப்பிவிடலாம். 2011-க்குப் பிறகு திருப்பூரை மீட்டதே உப்புநீரை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் இந்த எண்ணம்தான். ஆவியாக்கியின் அடியில் மிஞ்சும் கலப்பு உப்பு வாங்க ஆளில்லாமல் நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்வதும் அதனால் குறையும்.

தடைகளும் வெளிப்படையானவை. உப்புநீரில் துளி குளோரின் மிஞ்சினாலும் அடுத்த பேட்சில் ஊற்றும் சாயத்தை அது வெளுத்துவிடும், ஷேடு மாறி முழு லாட்டும் ரிஜெக்ட் ஆகும். ஆகவே குளோரினை நீக்கும் ஒரு படி கட்டாயம் வேண்டும். கால்சியம், மெக்னீசியம் இருந்தால் எதிர்மின்முனையில் வெள்ளைக் காரை படியும். மின்முனையின் பூச்சு எத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கும் என்பதைப் பொறுத்தே முதலீடு திரும்புமா என்பது அமையும். இவற்றுக்கெல்லாம் பதில், ஆய்வகத்தில் ஒரே ஒரு சாயத்தை வடிநீரில் கரைத்துச் செய்யும் சோதனையில் கிடைக்காது. இன்றைக்குச் சிவப்பும் நாளைக்குக் கறுப்புமாக, பெயர் தெரியாத பத்துச் சாயங்களும் மென்மையூட்டியும் சோடா ஆஷும் கலந்து வரும் அசல் ரிஜெக்ட் நீரில், மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

காரைக்குடியில் மின்முனைத் திறன் இருக்கிறது. திருச்சியில் ஒலி வேதியியல் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் சில மணி நேரத் தூரத்தில் அசல் சாயநீரும், அதைச் சுத்திகரிக்க ஏற்கெனவே கோடிகளைக் கொட்டிய நிலையங்களும் இருக்கின்றன. ஒரு நிலையத்தின் ரிஜெக்ட் குழாயிலிருந்து மணிக்கு ஆயிரம் லிட்டரைப் பிரித்து விடும் அளவுக்கு ஒரு சோதனை அமைப்புப் போதும். அதில் வரும் உப்புநீரை எடுத்த எடுப்பில் வெளிர் மஞ்சளிலும் பிங்க்கிலும் சோதிக்க வேண்டாம். கறுப்பு, நேவி, மெரூன் என்று அடர் நிறங்களில் தொடங்கலாம். உப்பை அதிகம் கேட்பவையும் அவைதான், உப்புநீரில் மிஞ்சும் சின்னக் குறைகளைத் துணியில் காட்டிக்கொடுக்காதவையும் அவைதான்.